கருவையை எடுக்கப் பொக்லைனா, ஆளா? மூன்று மழை பார்த்த கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவே எங்களுக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபின் பதினோரு வருஷம் தரிசாகக் கிடந்தது. இந்தப் பக்கம் தரிசு என்றால் கருவைக்காடு, அதாவது சீமைக் கருவேலங்காடு என்றுதான் அர்த்தம். 2022 பங்குனியில் அதை மீட்க இறங்கினேன். இரண்டு ஏக்கரைப் பொக்லைன் விட்டு எடுத்தேன். மீதி இரண்டு ஏக்கரை, விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிற ஆட்களை வைத்துத் தூரோடு (அடிக்கட்டையோடு) தோண்டி எடுத்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்று பிரிக்கவில்லை. கையில் இருந்த பணம் பாதி நிலத்தோடு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து, "அண்ணே, மிஷின் விடலாமா, ஆள் விடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஆள் பக்கம்தான். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கருவை ஏன் ஆகாது என்பதை இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பாப் பக்கம் நட்டார்கள். விறகுக்காக வந்த மரம் கண்மாய், வாய்க்கால், வரப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிவிடும், மாட்டை மலடாக்கிவிடும் என்று சொல்கிறார்களே, அதற்கெல்லாம் நான் சான்று பார்த்ததில்லை. அதைச் சொல்லித்தான் இந்த மரத்தை எதிர்க்க வேண்டும் என்பதும் இல்லை. மரத்தடியில் குனிந்து பார்த்தாலே போதும். எங்கள் வடக்கு வரப்பில் ஒரே ஒரு வன்னி நிற்கிறது. அதன் நிழலில் அருகு, கொழுஞ்சி, குப்பைமேனி எல்லாம் கிடக்கும். பத்தடி தள்ளிக் கருவைக்கு அடியில் காய்ந்த இலையும் முள்ளும் மட்டும்தான். வன்னியும் கருவையும் நெருங்கிய சொந்தங்கள் என்பதுதான் ஆச்சரியம். 2012-ல் வந்த ஓர் ஆய்வு இந்த இரண்டையும் வைத்தே பார்த்தது. இந்தியாவில் கருவைக்கு அடியில் செடி வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன, வன்னிக்கு அடியில் அப்படிக் குறையவில்லை. கருவையின் சொந்த மண்ணான வெனிசுவேலாவில் அதே மரத்துக்கு அடியில் இந்தக் கேடு தெரியவில்லை. உதிர்ந்த இலையிலிருந்து கசிகிற சாற்றுக்கு நம் ஊர்ச் செடிகள் பழக்கப்படவில்லை என்பது அதில் ஒரு காரணம்.

ஆனால் மண்ணைப் பொறுத்தவரை கருவைக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் அவரைக் குடும்பத்து மரம்தான், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து வைக்கும். கர்னாலில் இருக்கிற உவர்நில ஆராய்ச்சி நிறுவனம் களர் நிலத்தைத் திருத்துவதற்கே இந்த மரத்தை நட்டுப் பார்த்திருக்கிறது. பதினோரு வருஷம் இலை கொட்டி மக்கியதில் எங்கள் நிலத்திலும் மேலே நாலு விரற்கடை மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பொக்லைன் கதையில் இது திரும்ப வரும்.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகச் செய்வதுபோல மூட்டக்காரருக்குக் காட்டைக் குத்தகைக்கு விட்டால் கையில் காசு வரும், அவர்கள் தரைக்கு மேலே வெட்டிக்கொண்டு போவார்கள். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுத் தண்டு கிளம்பும். மூன்று நாலு வருஷத்தில் திரும்ப வெட்ட வருவார்கள். அது கருவையை வளர்க்கிற வழி, ஒழிக்கிற வழி அல்ல. இன்னொன்று, வெட்டிய தூரில் களைக்கொல்லி தடவுவது. வேலியோரமாக இருபது தூரில் மட்டும் செய்து பார்த்தேன். சில பட்டன, சில மறுபடி துளிர்த்தன. இருபது தூரை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை நாமாகத் தெளிக்கக் கூடாது, உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கொண்டுதான் அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிப்பும் வந்தது.

இனிப் பொக்லைன். வேகத்தில் அதை அடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. மணிக்கு 1,200 ரூபாய், பதினாலு மணி நேரம், மொத்தம் 16,800 ரூபாய். இரண்டு நாளில் இரண்டு ஏக்கரும் வெட்டவெளி. சாயங்காலம் வரப்பில் நின்று பார்த்தபோது அப்பா இருந்த காலத்து நிலம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை மறுக்க மாட்டேன்.

குறை மெதுவாகத்தான் தெரிந்தது. எங்கள் நிலத்தில் கரிசலுக்குக் கீழே இரண்டடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கிடக்கிறது. பெரிய மரத்தை வாளியால் நெம்பும்போது அந்தச் சுக்கானும் உவர் மண்ணும் மேலே வந்துவிட்டன. நான் சொன்ன அந்தக் கறுப்பு மேல்மண் முள்ளோடு சேர்ந்து வரப்போரக் குவியலுக்குப் போய்விட்டது. ஓட்டுநர் மேல் தப்பில்லை, இயந்திரத்தின் வேலையே அப்படித்தான். அந்த வருஷம் பசுந்தாள் உரத்துக்காக விதைத்த தக்கைப்பூண்டு ஆள் தோண்டிய பக்கம் இடுப்பு உயரம் வந்தது. பொக்லைன் பக்கம் திட்டுத் திட்டாகச் சொட்டையடித்தது. பிறகு கண்மாய் வண்டல் அடித்துத்தான் அந்த இடங்களைத் தேற்றினேன். அந்தச் செலவைக் கீழே வரும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தூர் தோண்டுகிற வேலைக்கு எங்கள் ஒப்பந்தம் இப்படி: காட்டுக்கு எனக்குக் காசு வேண்டாம், விறகும் தூரும் அவர்களுக்கு, ஆனால் ஒரு தூர்கூட நிலத்தில் நிற்கக் கூடாது. தூரிலிருந்து கிடைக்கிற கரி கனமாக நின்று எரியும், அதனால் அவர்களுக்கும் நஷ்டமில்லை. கரிக்கு ஆகாத சின்னத் தூர்களைத் தோண்டுவதற்கும் குழியை மூடுவதற்கும் தனியாக 9,000 ரூபாய் கொடுத்தேன். வேலை நாற்பது நாள் இழுத்தது. நடுவில் ஒரு வாரம் யாருமே வரவில்லை. முள் கொப்புகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள், அவற்றைக் கூட்டி எரிக்க நாங்கள்தான் மல்லுக்கட்டினோம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அப்புறம், மூட்டத்தை நிலத்துக்கு நடுவில் போட விடாதீர்கள். அந்த வட்டத்தில் மண் வெந்து செங்கல் மாதிரி ஆகிவிடும். நான் பாதையோர மூலையில் போடச் சொன்னேன்.

வேலை தொடங்கிய அன்று, மூட்டத்தில் மூத்தவர் ஒருவர் ஒரு தூரைப் பிளந்து காட்டினார். "தம்பி, கருவைக்கு உசுரு தரை மட்டத்துலதான் இருக்கு. மேல வெட்டுனாலும் சாகாது, கீழ எவ்வளவு வேரு கிடந்தாலும் அது தனியா முளைக்காது. இந்தக் கழுத்த எடுத்துட்டா முடிஞ்சது." அதுதான் முழு விஷயமும். மறுபடி துளிர்க்கிற மொட்டுகள் தண்டும் வேரும் சேர்கிற இடத்தில், தரைக்குச் சற்றுக் கீழே வரைக்கும் இருக்கின்றன. ஓரடி ஆழத்தில் வெட்டி அந்தக் கழுத்தை வெளியே எடுத்துவிட்டால் அதற்குக் கீழே ஆணிவேர் எவ்வளவு தூரம் போனாலும் கவலையில்லை. வேரோடு பிடுங்கினால்தான் போகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் பொக்லைனைத் தேடுகிறோம். ஆனால் வாளி நெம்பும்போது பாதி மரங்கள் கழுத்திலேயே முறிந்தன. மேல்பாகம் வந்துவிடும், கழுத்தில் ஒரு துண்டு மண்ணுக்குள் நின்றுவிடும். மேலே மண் மூடிக்கொள்வதால் அப்போது கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழைக்குத்தான் தெரியும். கடப்பாரை பிடிக்கிற ஆள் ஒவ்வொரு தூரையும் கண்ணால் பார்க்கிறார், அந்த வித்தியாசம்தான்.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். எடுக்கிற செலவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எடுத்த பிறகு வருகிற வருஷங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கருவை விதைக்கு ஓடு கெட்டி, வருஷக்கணக்கில் மண்ணில் உறங்கிக் கிடக்கும். மரம் போனாலும் நிலத்துக்குள் அடுத்த காடு தயாராக இருக்கிறது. முதல் மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் நெல்லோடு நெல்லாகக் கன்று தலைகாட்டும். கார்த்திகை வரைக்கும், மண் ஈரமாக இருக்கிற மட்டும், இரண்டு விரலால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். தை மாதம் போய்ப் பிடித்தால் வராது. மேலே ஒரு சாண் கன்றுக்குக் கீழே அதைப்போலப் பல மடங்கு வேர் இறங்கியிருக்கும், இழுத்தால் தரையோடு அறுந்து மறு மாதம் இரண்டாகக் கிளைக்கும். அரிவாளால் சீவினாலும் அதே கதைதான். விதையிலை இருந்த கணுவுக்குக் கீழே களைக்கொத்தியை விட்டு அறுத்தால்தான் சாகும். மாசியில் ஒரு முறை டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை ஓட்டிப் பார்த்தேன். பாதிக் கன்றுகள் வளைந்து கொடுத்துவிட்டு அப்படியே நிமிர்ந்துகொண்டன.

ஆகவே கார்த்திகையில் ஆள் விட்டாக வேண்டும். நோட்டில் எழுதி வைத்த கணக்கைத் தருகிறேன். பொக்லைன் பக்கம் முதல் வருஷம் 26 ஆள், அடுத்த வருஷம் 17, மூன்றாம் வருஷம் 9, ஆக 52 ஆள். தூர் தோண்டிய பக்கம் 11, 6, 4, ஆக 21 ஆள். கூலி 350 ரூபாய் என்று வைத்தால் ஒரு பக்கம் 18,200 ரூபாய், இன்னொரு பக்கம் 7,350 ரூபாய். எடுத்த செலவையும் கூட்டினால் பொக்லைன் பக்கம் 35,000 ரூபாய், தூர் தோண்டிய பக்கம் 16,350 ரூபாய். பொக்லைன் பக்கம் போன ஆளில் ஏறக்குறையப் பாதி, மண்ணுக்குள் நின்ற கழுத்துத் துண்டுகளைத் தோண்டுவதற்கே போயிற்று. மீதியில் ஒரு பங்கு, வரப்போரம் குவித்த முள் குவியலால் வந்தது. அதில் கிடந்த நெற்றுகளை (காய்ந்த கருவைக் காய்களை) அப்போது கவனிக்காமல் விட்டேன். மழையில் அங்கிருந்தும் விதை சரிந்து நிலத்துக்குள் இறங்கியது.

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொக்லைன் விட்ட இரண்டு ஏக்கர் கண்மாய்க்கரைப் பக்கம் இருக்கிறது, மேய்ச்சலுக்குப் போகிற மாடுகள் அதைத் தாண்டித்தான் போகும். மாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு வெளியே வந்து கும்பலாக முளைக்கும், அப்படி முளைத்த கொத்துகளை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கம் எப்படியும் கன்று கூடுதலாகத்தான் வந்திருக்கும். எவ்வளவு கூடுதல் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. என் காட்டில் மரங்கள் தொடை பருமனுக்கு மேல் போகவில்லை என்பதும் இருக்கிறது. இருபது முப்பது வருஷத்துப் பெரிய மரம் நிற்கிற இடத்தில் கடப்பாரையோடு மல்லுக்கட்டச் சொல்ல மாட்டேன். அங்கே பொக்லைன் விடுங்கள். ஆனால் கூடவே இரண்டு ஆளை நிறுத்தி, முறிந்த கழுத்தை உடனே எடுக்கச் சொல்லுங்கள்.

ஆட்டுக்கிடை விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. எங்கள் பக்கம் கோடையில் கிடை போடாமல், அதாவது எருவுக்காக ஆடுகளை இரவில் வயலில் அடைக்காமல், வெள்ளாமை இல்லை. ஆடுகள் அந்தக் கோடையில்தான் கருவை நெற்றைத் தின்கின்றன. எருவோடு விதையையும் காசு கொடுத்து வாங்குகிற நிலை. மாட்டை விட ஆடு விதையை நன்றாக மென்று விடும், அதனால் கிடையை நிறுத்தவில்லை. ஆட்டு மந்தையை ஓட்டி வருகிற கீதாரியிடம் பேசி, நெற்று உதிர்வதற்கு முன்பு, பங்குனியிலேயே கிடை போடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷம்தான் ஆகிறது, குறைந்ததா என்று இனிமேல்தான் தெரியும்.

நம் செடிகள் திரும்பி வருவதிலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. தூர் தோண்டிய பக்கம் இரண்டாம் வருஷமே வரப்பில் கொழுஞ்சி, துத்தி, ஆவாரை, கீழாநெல்லி எல்லாம் தானாக வந்தன. அந்த விதைகள் மேல்மண்ணிலேயே கிடந்திருக்க வேண்டும், அந்த மண்ணை நாங்கள் கலைக்கவில்லை. பொக்லைன் பக்கம் எருக்கும் கருவைக் கன்றும்தான் முதலில் வந்தன, கொழுஞ்சி போன கார்த்திகையில்தான் தலைகாட்டியது. வடக்கு வரப்பு வன்னியைச் சுற்றி நாலு வன்னிக் கன்று வைத்தேன், இரண்டு பிழைத்திருக்கின்றன.

பட்டா நிலத்துக்குத்தான் இதெல்லாம். கண்மாய் வேறு கதை. 2017-ல் உயர்நீதிமன்றம் சொல்லி எங்கள் ஊர்க் கண்மாயில் இயந்திரங்கள் இறங்கின, சில வாரத்தில் துடைத்து வைத்த மாதிரி ஆனது. அடுத்த வருஷம் கன்று பிடுங்க யாரும் இல்லை. இன்றைக்கு உள்ளே நடந்து போக முடியாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் மாதிரிப் பறவைகள் கூடு கட்டுகிற கண்மாய்களில் ஒரேயடியாக வெட்டவும் கூடாது. நாட்டுக் கருவேலத்தை வளர்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீமைக் கருவையை எடுக்க வேண்டும்.

எங்கள் நிலத்தை ஒட்டிச் சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கர் இன்னும் காடாகவே நிற்கிறது. அங்கிருந்துதான் வருஷா வருஷம் நெற்று என் வரப்பில் விழுகிறது. இந்தத் தை அறுப்பு முடிந்ததும் அதே மூட்டக்காரர்களை வரச் சொல்லியிருக்கிறேன். நெற்று பழுக்கும் முன்னே, பங்குனிக்குள் முடித்துத் தர வேண்டும் என்று இந்த முறை நாளையும் பேசிவிட்டேன். குழி மூடுகிற காசைச் சித்தப்பாவும் நானும் பாதிப் பாதி போடுகிறோம்.