"ஃபேக்டரி சீல்" என்று விற்கப்படும் பழைய ராக்கெட் கிட்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள், அதிலும் பிள்ளைகளின் பள்ளிக் கண்காட்சிக்காக அவசரத்தில் வாங்குகிறவர்கள், இதை முழுக்கப் படித்துவிடுங்கள். "பெட்டியைப் பிரிக்கவே இல்லை, ஃபேக்டரி சீல் அப்படியே இருக்கு" என்று சொல்லி என்னிடம் 18,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார் ஒருவர்.

நான் வாங்கியது ரெவெல் நிறுவனத்தின் சாட்டர்ன் 5 ராக்கெட், 1/96 அளவு, அதாவது அசலில் 96இல் ஒரு பங்கு. மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன ராக்கெட் அது. அப்பல்லோ நிலவுப் பயணங்கள் உச்சத்தில் இருந்த 1960களின் கடைசியில் வெளிவந்த கிட். அசல் ராக்கெட் 110.6 மீட்டர் உயரம் என்பதால், கட்டி முடித்தால் மாடலே ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் நிற்கும். பெயிண்ட் வேலை குறைவு என்பது இதில் பெரிய வசதி. ராக்கெட்டின் உடல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களாக வரும். கறுப்புப் பட்டைகளும் எழுத்துகளும் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கும். தாளை உருளையாகச் சுருட்டி ஒட்டினால் ஒரு அடுக்கின், அதாவது எரிந்து முடிந்ததும் தனியாகக் கழன்று விழும் ராக்கெட் பகுதி ஒன்றின், உடல் வந்துவிடும். அக்கா மகனின் பள்ளியில், நிலவில் மனிதன் இறங்கிய ஜூலை 20ஆம் தேதியை ஒட்டி ஒரு கண்காட்சி. நாள் குறைவாக இருந்ததால்தான் இந்தக் கிட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

வசதி என்று சொன்ன அந்தத் தாள்தான் இதில் ஆபத்தும். எஞ்சின் ஒன்று தொலைந்தால் வேறு கிட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். அச்சிட்ட தாள் மடிந்தாலோ கறைபட்டாலோ அதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம். இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டேன்: "தாள்கள் எல்லாம் நல்லா இருக்கா? எஞ்சின்கள் முழுசா இருக்கா?" வாட்ஸ்அப்பில் வந்த பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது: "சார், சீல் பண்ணின பெட்டி. 1969 ஒரிஜினல். உள்ளே எல்லாம் புதுசு. நூறு பெர்சென்ட் கம்ப்ளீட்." பாகங்களின் படம் கேட்டதற்கு, "பிரிச்சா மதிப்பு போயிடும் சார்" என்றார். நியாயமான பேச்சுபோலத்தான் இருந்தது. யுபிஐ-யில் முழுத் தொகையும் முன்பணமாக வேண்டும் என்றார், அனுப்பினேன்.

பெட்டி வந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கண்ணாடிபோல் பளபளவென்று இருந்தது. அதற்கு அடியில் அட்டையின் நாலு முனையும் தேய்ந்து, உள்ளிருக்கும் சாம்பல் நிறம் தெரிந்தது. ஒரு பக்கத்தில் விலைச்சீட்டைக் கிழித்த தடம். அந்தத் தடத்துக்கு மேல் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உறை முதலிலிருந்தே இருந்திருந்தால் தேய்ந்திருக்க வேண்டியது உறைதான். பெட்டி பல கை மாறித் தேய்ந்த பிறகு யாரோ புதிதாகச் சுற்றியிருக்கிறார்கள். அந்த உறையையும், அதைச் சுருக்கி ஒட்டவைக்கும் சூடான காற்று ஊதும் கருவியையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சந்தேகம் வந்ததால் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் அடுக்கின் தாளைக் கையில் எடுத்ததும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. விளிம்பு நெடுகக் காய்ந்துபோன பசை. அதன் நடுவில், வரிவரியாக, யாரோ ஒருவருடைய கட்டைவிரல் ரேகை. மாடலுக்குப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிமென்ட் சாதாரணப் பசைபோல மேலே படிந்து நிற்பதில்லை. பிளாஸ்டிக்கையே கரைத்து, இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். அதனால் ஈரத்தில் பதிந்த ரேகை தாளிலேயே நிலைத்துவிட்டது, சுரண்டினால் அச்சும் சேர்ந்து போகும். யாரோ கட்டத் தொடங்கி, பாதியில் பிய்த்து, மறுபடி பெட்டியில் போட்டுச் சீல் வைத்திருக்கிறார்கள். முதல் அடுக்கின் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் வேண்டும், நாலுதான் இருந்தன. ஆபத்து வந்தால் வீரர்களின் கலத்தை இழுத்துக் காப்பாற்ற உச்சியில் நிற்கும் தப்பிக்கும் கோபுரம் மூன்று துண்டாக உடைந்திருந்தது. செய்முறைத் தாள், ஜெராக்ஸ்!

படங்களை அனுப்பினேன். "சீலைப் பிரிச்சிட்டீங்களே சார், இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது" என்றார். பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது, பிரித்தால் திருப்பித் தர முடியாது. இந்த வியாபாரமே அந்த ஒரு பிடியில்தான் நடக்கிறது. அப்புறம், "அம்பது வருஷப் பொருள், ஒண்ணு ரெண்டு குறையத்தான் செய்யும்" என்றார். பழமை வெள்ளைப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் ஸ்டிக்கரை நொறுங்க வைக்கும். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. பழமை ஒரு எஞ்சினை எடுத்துக்கொண்டு போகாது. இதைச் சொன்னதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

கண்காட்சிக்கு ராக்கெட் போகவில்லை. முதல் அடுக்கு சுமார் இரண்டரை நிமிடம் எரிந்து கழன்று விழுவதை, மாடலைக் கையில் வைத்துப் பிரித்துக் காட்டிப் பேச வேண்டும் என்று பையன் தயார் செய்து வைத்திருந்தான். சார்ட்டை மட்டும் எடுத்துப் போனான். பணத்தைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

பழைய கிட் வாங்கியே தீர வேண்டும் என்றால், சீலை நம்பாதீர்கள். பிரித்த கிட்டையே கேளுங்கள். பாகங்கள் அனைத்தையும் பரப்பி வைத்து, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய சீட்டோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் தயங்க மாட்டார். சீல் பெட்டிதான் வேண்டும் என்றால், முனைகளை அருகில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். தேய்மானம் உறைக்கு மேலே இருக்கிறதா, அடியிலா என்று பாருங்கள். பெட்டியில் அச்சாகியிருக்கும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம், மறுவெளியீடுகளிலும் பழைய காப்புரிமை ஆண்டு இருக்கலாம். பணத்தைப் பொருள் கைக்கு வந்து பார்த்த பிறகு கொடுங்கள், இல்லையென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கார்டு என்றால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது உண்டு. நாமே யுபிஐ-யில் அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு.

"அப்பல்லோ 11-இன் அச்சு அசல்" என்று விளம்பரம் செய்தால் அதையும் ஒருமுறை யோசியுங்கள். அந்தக் காலத்து சாட்டர்ன் 5 கிட்டுகள் பலவற்றின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், 1966இல் ஏவுதளத்தைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்த 500எஃப் என்ற ராக்கெட்டை ஒத்தவை. அது பறந்ததே இல்லை. ராக்கெட் இருந்தால் போதும், பழைய பெட்டி தேவையில்லை என்பவர்கள், ரெவெல் 2019இல் அப்பல்லோ 11-இன் 50ஆம் ஆண்டுக்காக மறுபடி வெளியிட்ட 1/96 கிட்டைத் தேடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ ரசீது, பிரித்த வீடியோ மூன்றையும் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் அதே ஆள் ஒரு விண்வெளி ஓடக் கிட்டை "சீல் பிரிக்காதது" என்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதிலும் உறைக்கு அடியில் முனைகள் தேய்ந்திருக்கின்றன.