கேப் டவுன் பாஸ்கள்: காற்றடிக்கும் ஊரில் நாள் கணக்குச் சீட்டு எதற்கு?

டிசம்பர் விடுமுறைக்குக் கேப் டவுன் போகிறவர்கள் அக்டோபரிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை கேட்டவர் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் நண்பர். "அண்ணே, நீங்கதான் வருஷா வருஷம் போறீங்க. வைல்ட் கார்டு எடுக்கவா, அந்த மூணு நாள் டூரிஸ்ட் பாஸ் எடுக்கவா, இல்ல பஸ் கார்டே போதுமா? அம்மாவும் வர்றாங்க" என்று குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றையும் சொந்தக் காசில் வாங்கிப் பல வருடம் புழங்கியவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். விலை ஆண்டுதோறும் ஏறுகிறது, அதை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். விலைப் பட்டியலில் இல்லாததைச் சொல்கிறேன்.

நான் டர்பன் சாட்ஸ்வொர்த்வாசி. தங்கை குடும்பம் கேப் டவுன் ரைலண்ட்ஸில், சிவ ஆலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஓட்டல் செலவு கிடையாது, ஊர் சுற்றும் செலவு மட்டும்தான். போகும்போது நான், மனைவி, பிள்ளைகள், மனைவியின் அம்மா என்று ஒரு படையாகத்தான் போவோம்.

முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். மூன்று நாள் டூரிஸ்ட் பாஸ் என்று பல நிறுவனங்கள் விற்கின்றன. மாடிப் பஸ், படகுச் சவாரி, மீன் காட்சியகம், மலைக்குப் போகும் கேபிள் கார் எல்லாம் ஒரே சீட்டில். தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் பாஸ் மலிவுதான், அதில் பொய் இல்லை. ஆனால் முதல் இடத்தில் ஸ்கேன் செய்த நாளிலிருந்து தொடர்ச்சியாக மூன்று நாள் என்பது கணக்கு. மதியம் தொடங்கினாலும் அது ஒரு முழு நாள்.

இந்த ஊரில் கோடைக்காலம் முழுக்கத் தென்கிழக்குக் காற்று அடிக்கும். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை எப்போது கிளம்பும் என்று சொல்லவே முடியாது. ஊர்க்காரர்கள் அதற்குக் கேப் டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நகரத்தின் புகையையும் தூசியையும் அள்ளிக்கொண்டு போய்விடுமாம். அந்தக் காற்று வந்தால் டேபிள் மவுண்டன் மேல் வெள்ளை மேகம் விரிந்து ஓரத்தில் வழியும். கீழே இருந்து பார்க்க அவ்வளவு அழகு. அந்த நேரத்தில் கேபிள் கார் ஓடாது. 65 பேர் நிற்கும் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள உச்சிக்குப் போக வேண்டும். காற்றில் அதை நிறுத்துவதுதான் சரி. மேலே இருப்பவர்களையும் ஹூட்டர் அடித்துக் கூப்பிட்டுக் கீழே இறக்கிவிடுவார்கள். 1929இல் தொடங்கிய சேவை இத்தனை காலம் பத்திரமாக ஓடுகிறதென்றால் அந்தக் கண்டிப்புதான் காரணம். என் கோபம் மலை மேலும் இல்லை, கேபிள் கார் மேலும் இல்லை.

காற்றுக்கு நடுவில் நாள் கணக்கில் சீட்டு விற்பவர்கள் மேல்தான் கோபம். நாங்கள் பாஸ் வாங்கிய முறை முதல் நாளும் கேபிள் கார் மூடல், இரண்டாம் நாளும் மூடல். கேபிள் கார் நிலையத்துக்குப் போகும் டாஃபெல்பெர்க் சாலையில் கார்கள் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தன. அத்தை ஜன்னல் வழியாக மேலே பார்த்து, "மேகந்தானே, விலகிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் வெயில் அடித்தது. இரண்டு நாள் காத்திருந்த கூட்டம் மொத்தமும் வரிசையில் நின்றது. வயதானவரை அந்த வெயிலில் நிறுத்த மனம் வராமல் திரும்பிவிட்டோம். நான்காம் நாள் காற்றும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் பாஸ் செத்துப்போயிருந்தது. ஒரு நாள் நீட்டித்துத் தரும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல, பட்டியலில் வேறு இடங்கள் இருக்கின்றன என்று பதில் வந்தது. விதிமுறையில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், சட்டப்படி அவர்கள் பக்கம் சரி. ஆனால் பாஸின் விளம்பரப் படத்தில் முதலில் இருப்பது அந்த மலைதானே? மலையைக் காட்டி விற்றுவிட்டு, மலை மூடியிருக்கும் நாளையும் எண்ணிக் கழிப்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேபிள் கார் டிக்கெட்டை அவர்களிடமே நேராக வாங்குங்கள். அது ஒரே நாளோடு கட்டிப்போடப்பட்ட சீட்டு இல்லை, காற்றடித்தால் அடுத்தடுத்த நாள் போகலாம். காலை டிக்கெட்டை விடப் பிற்பகல் டிக்கெட் மலிவு. கோடையில் மாலைச் சலுகையும் அறிவிப்பார்கள், சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வரலாம். அப்புறம், தென்னாப்பிரிக்க ஐடி உள்ளவர்களுக்குப் பிறந்தநாள் அன்று கேபிள் கார் இலவசம். அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் செல்லாது. உங்கள் வீட்டில் யாருக்காவது டிசம்பர் பிறந்தநாள் இருந்தால் ஐடியை மறக்காமல் எடுத்துப்போங்கள். ஜூலை, ஆகஸ்ட் பக்கம் போகிறவர்கள் பராமரிப்புக்காக மூடும் வாரத்தைப் பார்த்துவிட்டு விமானம் பதிவு செய்யுங்கள்.

இப்போது வைல்ட் கார்டு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முகமே மலர்ந்துவிடும். தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சந்தா. வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம், நுழைவுக் கட்டணம் தனியாகக் கிடையாது. கேப் டவுனை மட்டும் வைத்துப் பார்த்தால் போல்டர்ஸ் பெங்குவின் கடற்கரை, கேப் பாயிண்ட், சில்வர்மைன் என்று சில வாசல்கள்தான். கேபிள் காருக்கு இது செல்லாது. கேப் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் சிறு ரயிலுக்குச் செல்லாது. கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்துக்கும் மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்கும் செல்லாது. சிலர் இதைக் கேட்டதும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் டர்பனிலிருந்து என்2 சாலையில் காரில் போய்ப் பாருங்கள். 1,600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் அடோ யானைப் பூங்கா, சிட்சிகாமா, வில்டர்னஸ், ஸ்வெல்லண்டாம் பக்கத்தில் போன்டெபோக் என்று எல்லாமே தேசியப் பூங்கா, எல்லா வாசலிலும் இதே கார்டு. மற்றவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறிக்கொண்டே போகும். நாங்கள் அடோவில் மதியம் நுழைந்து, யானைக் கூட்டம் குளத்தில் இறங்குவதைப் பார்த்து, மறுநாள் காலையில் திரும்பவும் அங்கேயே போனோம். இன்னொரு நாளுக்குக் காசா என்று யோசிக்கவே இல்லை. அந்த யோசனை இல்லாமல் இருப்பதுதான் இந்தக் கார்டின் பெரிய சுகம்.

போல்டர்ஸில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கவுண்டரில் கார்டையும் ஐடியையும் சேர்த்து வாங்கிப் பெயரைச் சரிபார்த்துவிட்டு உள்ளே விடுவார்கள். மரப்பலகை நடைபாதையில் போனால் கைக்கெட்டும் தூரத்தில் பெங்குவின்கள் மணலில் குழி பறித்து முட்டை மேல் உட்கார்ந்திருக்கும். கழுதை கத்துவது மாதிரி ஒரு சத்தம். ஒன்று வாயில் குச்சியைக் கவ்விக்கொண்டு தத்தித் தத்தி வந்து குழியில் போட்டுவிட்டு, அடுத்த குச்சிக்குத் திரும்பப் போகும். 1980களின் தொடக்கத்தில் இரண்டே ஜோடியாக வந்து குடியேறிய கூட்டம் இது. 2024இல் ஆப்பிரிக்கப் பெங்குவினை மிக அருகிய இனம் என்ற பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். கார்டுக்குக் கொடுக்கும் பணம் பூங்காப் பராமரிப்புக்குப் போகிறது என்பதில் எனக்கு மெய்யான திருப்தி உண்டு.

வாங்குமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். குடும்பக் கார்டு என்பது இரண்டு பெரியவர், ஐந்து பிள்ளைகள் வரைதான். அத்தை, மாமா, தாத்தா, பாட்டி வந்தால் அவர்களுக்குத் தனிக் கார்டு அல்லது வாசலில் டிக்கெட். இன்னொன்று, கட்டணம் மூன்று வகை: தென்னாப்பிரிக்கர், பக்கத்து நாட்டார், மற்ற வெளிநாட்டார். ஐடி காட்டினால்தான் முதல் வகை. மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் அவர்களுக்கு நம்மைவிடப் பல மடங்கு. வெளிநாட்டாருக்கும் ஒரு வைல்ட் கார்டு இருக்கிறது. அவர்கள் க்ரூகரும் அடோவும் சேர்த்துச் சில நாள் சுற்றுவதாக இருந்தால் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். மைசிட்டி பஸ் நன்றாக இருக்கிறது. 2010 உலகக் கோப்பை நேரத்தில் தொடங்கியது. சிவிக் சென்டரிலிருந்து வாட்டர்ஃபிரன்ட், கேம்ப்ஸ் பே, ஹவுட் பே எல்லாம் போகலாம். மைகனெக்ட் கார்டு வேண்டும், காசு வாங்க மாட்டார்கள், ஆளுக்கு ஒரு கார்டு. ஏறும்போது தட்ட வேண்டும், இறங்கும்போதும் கட்டாயம் தட்ட வேண்டும். தூரத்தை வைத்துக் கட்டணம் கழியும், வேலைநாள் காலை மாலை நெரிசலில் கொஞ்சம் கூடுதல். நகரின் நடுவிலோ ஸீ பாயிண்டிலோ தங்குபவருக்கு இது போதும்.

ரைலண்ட்ஸில் தங்குபவருக்குப் போதாது. நம்மவர்கள் இருக்கும் பக்கத்துக்கு இந்தப் பஸ் வருவதில்லை. கோல்டன் ஏரோ பஸ்ஸுக்கு அது தரும் கார்டு வேறு, ரயிலுக்கு டிக்கெட் வேறு, கோம்பி டாக்ஸி என்கிற பங்கு வேனுக்குக் கையில் காசு. எந்தக் கார்டும் இன்னொன்றில் செல்லாது. நான் பெரும்பாலும் க்ளிப்ஃபன்டீன் சாலையில் நின்று கோம்பியில்தான் டவுனுக்குப் போகிறேன். கதவோரம் நிற்கும் பையன் ஊர் பேரைக் கூவிக்கொண்டே இடம் காட்டுவான். பின் சீட்டிலிருந்து காசு கைமாறிக் கைமாறி முன்னால் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஒரு ரேண்ட்கூடக் குறைந்து வந்து நான் பார்த்ததில்லை. எந்தப் பாஸிலும் அடங்காத இந்தப் பயணம்தான் ஊரிலேயே மலிவு.

சைமன்ஸ் டவுன் ரயிலையும் சொல்ல வேண்டும். மியூசன்பெர்க் தாண்டியதும் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் பாறைகள்தான். டிக்கெட் விலை ரொம்பக் கொஞ்சம். முடிவு நிலையத்திலிருந்து போல்டர்ஸுக்கு நடந்தே போகலாம். வண்டி நேரத்தை மட்டும் அன்றன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி என்ற பேச்சே இல்லாமல் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: அடிமைகள் விடுதி, 1679இல் டச்சுக்காரர்கள் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். தென்னாப்பிரிக்க இந்தியர்களான நாம் நம் வரலாற்றை 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலிலிருந்து தொடங்கிச் சொல்கிறோம். அதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் இந்த நகரத்தில் அடிமைகளாக இருந்தார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டினேன். டிக்கெட் மிகக் குறைவு, செப்டம்பர் 24 மரபு தினம் மாதிரி நாட்களில் இலவசம். ராபன் தீவும் கட்டாயம் போக வேண்டிய இடம்தான். யுனெஸ்கோ 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். காந்தியோடு சத்தியாகிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு அங்கே பத்து வருடம் சிறையில் இருந்தார். படகுக்கும் அலைதான் எஜமான், கடல் கொந்தளித்தால் ரத்து. அதனால் விடுமுறையின் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், தள்ளிப்போனாலும் மாற்று நாள் கையில் இருக்கும்.

சரி, என்ன வாங்குவது? வைல்ட் கார்டை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஆனாலும் இந்த டிசம்பரில் நான் அதைப் புதுப்பிக்கவில்லை. காசுக் கணக்குப்படி புதுப்பிக்க வேண்டும்தான், மனைவி எழுதியே காட்டிவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கார்டு கையில் இருந்தால் போட்ட காசை எடுக்க வேண்டும் என்று வாசல் வாசலாக ஓடுகிறோம். தங்கையோடு உட்கார்ந்து ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட்டதே இல்லை. இந்தத் தடவை எந்த வாசலும் என்னை அவசரப்படுத்தக் கூடாது.

தம்பி, நீங்கள் விமானத்தில் போகிறீர்கள், ஐந்தாறு நாள், எல்லாரிடமும் நம் நாட்டு ஐடி இருக்கிறது. உங்களுக்கு வைல்ட் கார்டு தேறாது, போல்டர்ஸுக்கும் கேப் பாயிண்டுக்கும் வாசலிலேயே கட்டிவிடுங்கள். டூரிஸ்ட் பாஸ் வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு மாடிப் பஸ் ஆசை என்றால் அதற்கு மட்டும் ஒரு நாள் டிக்கெட் எடுங்கள். எங்கள் அத்தைக்கு அந்த முறை மிகவும் பிடித்தது அதுதான், அதை மறைக்க மாட்டேன். மைகனெக்ட் கார்டில் கொஞ்சமாகப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள், தீர்ந்தால் திரும்ப ஏற்றலாம். காலையில் எழுந்ததும் மலையைப் பாருங்கள், மேகம் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கேபிள் காருக்குக் கிளம்புங்கள்.

அம்மாவுக்கு அறுபது ஆகிவிட்டதென்றால் செவ்வாய்க்கிழமையைக் கிர்ஸ்டன்பாஷ் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஐடி காட்டினால் மூத்த குடிமக்களுக்கு அன்று இலவசம். பொது விடுமுறையில் அந்தச் சலுகை கிடையாது, டிசம்பர் 16 செவ்வாயில் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.