பித்தப்பையில் பாலிப்: அல்ட்ராசவுண்டா, சி.டி.யா?

ஆரியங்காவில் இருக்கும் அத்தைக்கு, வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் 'பித்தப்பையில் பாலிப், 7 மி.மீ.' என்று வந்தது. பாலிப் என்றால் பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் சின்னப் புடைப்பு. வீட்டில் உடனே இரண்டு கட்சி. புனலூர் போய் சி.டி. எடுத்துவிடலாம் என்றார் மாமா. புளியரை தாண்டித் தென்காசிக்கு வந்து அல்ட்ராசவுண்டையே ஒழுங்காக இன்னொரு தடவை பார்க்கலாம் என்றேன் நான்.

காசு அதிகம் ஆகும் ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன் என்ற கணக்கு பித்தப்பையிடம் பலிக்காது. பாலிப்களில் பெரும்பாலானவை வெறும் கொலஸ்ட்ரால் படிவு. அடினோமா எனும் உண்மையான சாதுக் கட்டி அரிது. கொலஸ்ட்ரால் பாலிப் சி.டி.யில் பித்தநீரோடு நிறம் ஒன்றி மறைந்துவிடலாம். சிறியது என்றால் கேட்கவே வேண்டாம். கதிர்வீச்சு வேறு. புற்று என்று சந்தேகம் வந்து, ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி.

அத்தை முதல் தடவை புட்டும் டீயும் முடித்துவிட்டுப் போயிருக்கிறார்! சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். சுவர் தடித்துத் தெரியும், மடிப்பே பாலிப் போல ஏமாற்றும். இந்தத் தடவை இரவுச் சாப்பாட்டோடு சரி, காலையில் ஒன்றும் இல்லை. "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்றார் டாக்டர். திரையில் கறுத்த பைக்குள் வெள்ளைப் பொட்டு. அத்தை புரண்டும் பொட்டு அசையவில்லை, பின்னால் நிழலும் இல்லை. கல் என்றால் பெரும்பாலும் உருளும், நிழல் விழும். அளவு 5 மி.மீ.

இந்த 2 மி.மீ. சின்ன விஷயமில்லை. 2022-இல் புதுப்பித்த ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 10 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் பித்தப்பையை எடுத்துவிடலாம். 6 முதல் 9 வரை என்றால், புற்று ஆபத்தைக் கூட்டும் காரணி ஒன்று இருந்தாலே அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். ஆசியராக இருப்பதே அதில் ஒன்று. அத்தைக்கு 5 என்பதால் 6 மாதம், 1 வருடம், 2 வருடம் எனப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அல்ட்ராசவுண்டில் அளக்கும் கை மாறினால் அளவும் மாறும். கொலஸ்ட்ராலா அடினோமாவா என்று அதுவும் அடித்துச் சொல்லாது.

எம்.ஆர்.ஐ. எதற்கு? சுவருக்குள் குட்டிக் குழிகளில் பித்தநீர் தேங்கும் அடினோமயோமடோசிஸை அது முத்துமாலை கோத்தது போலக் காட்டும். எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்ட் சுவரை அடுக்கடுக்காகக் காட்டும்தான், ஆனால் மயக்க மருந்து, வாய்வழிக் குழாய் என்று பாடு அதிகம்; சந்தேகம் தீராதவர்களுக்கு மட்டும்.

அடுத்த ஸ்கேன் ஆறு மாதம் கழித்து. அன்று காலை அத்தையை டீக்கடைப் பக்கம் விடாமல் கூட்டிவருவது மாமா பொறுப்பு.