துளைக்குள் வளர்ப்பதா, புள்ளியைச் சுற்றிக் கட்டுவதா?

அளவுக்கேற்ப நிறம் மாறி ஒளிரும் நானோ துகள்களான குவாண்டம் புள்ளிகளுக்கு 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது, உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டும், எம்.ஓ.எஃப் எனப்படும் நுண்துளைக் கட்டமைப்புகளுக்கு 2025-இல். காட்பாடியிலோ சேர்க்காட்டிலோ முதுகலை ப்ராஜெக்டுக்கு இந்த இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த வழியில் சேர்ப்பது என்பதைத்தான்.

கட்டமைப்பை முதலில் செய்து, துளைக்குள் அயனிகளை ஊறவைத்து, அங்கேயே புள்ளியை வளர்ப்பது ஒரு வழி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அளவு இடிக்கிறது. ஸிஃப்-8 என்ற எம்.ஓ.எஃப்-இன் உட்குழி சுமார் 1.16 நானோமீட்டர், அதன் வாசல் 0.34 தான். நன்றாக ஒளிரும் சீசியம் ஈய புரோமைடு புள்ளியோ 10 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். அப்படியானால் சுவர் உடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் புள்ளி வெளியே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) பீக் மாறவில்லை என்பதை மட்டும் வைத்து ‘புள்ளி உள்ளே இருக்கிறது’ என்று எழுதினால் நான் ஏற்க மாட்டேன். டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் வேண்டும்.

தயாரான புள்ளியைச் சுற்றிக் கட்டமைப்பை வளர்த்தால் அளவும் நிறமும் முன்பே முடிவாகிவிடும். காட்மியம் செலினைடுக்கும் கார்பன் புள்ளிக்கும் இதுவே என் தேர்வு. ஸிஃப்-8 அறை வெப்பநிலையில் மெத்தனாலிலேயே உருவாகிவிடும். சீசியம் ஈய புரோமைடு போன்ற பெரோவ்ஸ்கைட்டுக்கு மட்டும் இது ஒத்துவராது. அதே மெத்தனால் அந்த அயனிப் படிகத்தைச் சிதைத்து ஒளியை அணைத்துவிடும். அதற்கு ஈயமே கணுவாக (இணைப்பு முடிச்சாக) உள்ள எம்.ஓ.எஃப்-இல் ஹாலைடு உப்பைச் சேர்த்து, அந்த ஈயத்தையே பெரோவ்ஸ்கைட்டாக மாற்றும் முறை மேல்.

அப்புறம் மின்சாரம். பெரும்பாலான எம்.ஓ.எஃப்-களில் அது சரியாக ஓடாது. நீல எல்ஈடி மேல் வைக்கும் நிறமாற்றுப் படலத்துக்கு இது குறையே இல்லை. ஒளி உணர்விக்குத் தடைதான். அங்கே புள்ளியை முழுதாக மூடாமல், இரண்டையும் மெல்லிய அடுக்குகளாக ஒட்டி வைக்கலாம்.

ராணிப்பேட்டையில் குரோமியம் நிலத்தடி நீரில் இறங்கியதைப் பார்த்த வட்டாரம் நம்முடையது. நுண்துளைக் கூடு ஈயத்தைப் பூட்டி வைத்துவிடும் என்று நம்பிவிட முடியாது. படலத்தை நீரில் ஊறவைத்து, கரைந்த ஈயத்தை அளந்து காட்டாத எந்த வழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அளவீட்டுக்கு வசதி இல்லையென்றால், நிறத்தூய்மை குறைந்தாலும் சரி, கார்பன் புள்ளியோடு தொடங்குங்கள்.