சுரங்க மண்ணில் குடிநீர்: கொதிக்க வைப்பதா, கரி வடிகட்டியா, ஆர்.ஓ.வா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பத்து காஜா, கம்பார் வட்டாரத் தோட்டங்களில் 'தண்ணியக் கொதிக்க வச்சுக் குடி' என்று சொல்லாத வீடு இல்லை. பைப்புத் தண்ணீருக்கு அது போதும். கிணற்றுக்குப் போதாது. இந்த வட்டாரம் அடங்கிய கிந்தா பள்ளத்தாக்கு ஈயம் (வெள்ளீயம்) தோண்டிய மண். ஈயத் தாதுவோடு ஆர்செனிக் என்ற நஞ்சு சேர்ந்த தாதுக்களும் கிடப்பதுண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆர்செனிக் அப்படியே இருக்கும். நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஆர்செனிக்குக்கு நிறமும் ருசியும் கிடையாது. இரும்பு தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்: இறைத்தபோது தெளிந்திருந்த நீர் வாளியில் நின்றால் செம்பழுப்பாகும், அந்த நீரில் போட்ட தேநீர் கறுக்கும். அதைப் பார்த்து மணல் வடிகட்டி மாட்டுவார்கள். கறை போகும். இரும்புத் துருவோடு கொஞ்சம் ஆர்செனிக்கும் ஒட்டிப் போகலாம், ஆனால் அதை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது.

கரி வடிகட்டி குளோரின் வாடையை எடுக்கும், கரைந்த உலோகத்தை நம்பும்படி எடுக்காது. பைப்புத் தண்ணீருக்கு நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், குளோரின் இல்லாத அந்தக் கரியிலேயே கிருமி பெருகும்.

கிணற்றுக்கு ஆர்.ஓ. (நீரை அழுத்தி நுண்ணிய சவ்வு வழியே தள்ளி வடிகட்டும் மெசின்) ஈடுகொடுக்கும், ஒரு நிபந்தனையோடு. காற்றுப் படாத நிலத்தடி நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத வடிவில் இருப்பதால் கணிசமான பங்கு சவ்வைத் தாண்டிவிடும். முதலில் குளோரின் கலந்து அதை மின்னூட்டம் உள்ள வடிவுக்கு மாற்ற வேண்டும். பிறகு கரி வடிகட்டி அந்தக் குளோரினை எடுக்க வேண்டும். இல்லையென்றால் சவ்வு கெடும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகும். பைப்பு வசதி உள்ள வீட்டில் ஆர்.ஓ. வீண் செலவு. அங்கே கவனிக்க வேண்டியது கூரைத் தொட்டியும் துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயும். காலையில் இரண்டு நிமிடம் நீரை ஓட விட்டுப் பிடியுங்கள்.

மெசின் வாங்குமுன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுங்கள். மலேசியத் தர வரம்பு ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், இரும்புக்கு 0.3. பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஆய்வகம் தரும் போத்தலில் சில துளி அமிலம் இருக்கலாம், அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். ஆர்.ஓ. மாட்டிய பிறகு வடிகட்டிய நீரையும் தனிப் போத்தலில் அனுப்புங்கள்.