லாங்கே 1815 டூர்பியோன்: கோடி ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

டூர்பியோன் வாட்ச் வைத்திருப்பவரிடம் "இது நேரம் அவ்வளவு துல்லியமாகக் காட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சை மாற்றிவிடுவார். 1801-இல் கடிகாரக் கலைஞர் பிரெகே டூர்பியோனுக்குக் காப்புரிமை வாங்கியது பையில் நாளெல்லாம் நிமிர்ந்தே கிடக்கும் கடிகாரத்துக்காக. புவியீர்ப்பு ஒரே பக்கமாக இழுத்து பேலன்ஸ் சக்கரத்தின், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்தின், ஓட்டத்தைக் கெடுக்கிறது, அதைக் கூண்டில் வைத்துச் சுற்றவிட்டால் பிழை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்பது அவர் கணக்கு. மணிக்கட்டோ தானே எல்லாப் பக்கமும் திரும்புகிறது. அதனால் கைக்கடிகாரத்தில் அந்தக் கணக்குக்குப் பெரிய வேலை இல்லை.

அப்புறம் கோடி ரூபாயைத் தாண்டும் விலை எதற்கு? ஜெர்மனியில் கிளாஸ்ஹூட்டே என்ற சின்ன ஊரில் லாங்கே நிறுவனம் செய்த இந்த 1815 டூர்பியோனில் அதற்கு உருப்படியான பதில் இருக்கிறது. பெரும்பாலான டூர்பியோன்களில் க்ரௌனை (நேரம் வைக்கும் பக்கவாட்டுத் திருகை) இழுத்தாலும் விநாடி முள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், விநாடி சுத்தமாக நேரம் வைக்க முடியாது. பேலன்ஸ் சக்கரம் சுழலும் கூண்டுக்குள் இருக்கிறது, பிரேக் போடப் போனால் கூண்டின் தூண் குறுக்கே வந்துவிடும். 2008-இல் கபரே டூர்பியோன் என்ற தன் இன்னொரு மாடலில் லாங்கே இதற்கு வழி கண்டுபிடித்தது: இரண்டு கை உள்ள ஒரு வளைந்த ஸ்பிரிங், ஒரு கை தூணில் முட்டினாலும் இன்னொன்று சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். 2014-இல் வந்த இந்த 1815 மாடலில் இதோடு, 1997 முதல் அவர்களிடம் இருக்கும் இன்னொரு வித்தையும் சேர்ந்தது. க்ரௌனை இழுத்ததும் எல்லாம் நின்று விநாடி முள் பூஜ்யத்துக்குத் தாவும், உள்ளே தள்ளினால் அந்த நொடியே ஓடும். கையில் கிடைத்தால் இதை இழுத்து இழுத்துப் பார்க்காமல் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

டயலில் உள்ள திறப்பு வழியே தெரியும் டூர்பியோனில், கூண்டைத் தாங்கும் பாலம் என்ற உலோகப் பட்டையின் கறுப்பு பாலிஷையும் பார்க்க வேண்டும். கையால் தேய்த்துத் தேய்த்து வருவது அது, ஒரு கோணத்தில் கண்ணாடி, கொஞ்சம் சாய்த்தால் மை. மற்றபடி டயல் ரொம்பச் சாது, எண்களும் நீல முட்களும்தான். சுவிஸ் நிறுவனமான பட்டேக் பிலிப் தன் 5101 மாடலில் டூர்பியோனைப் பின்பக்கம் ஒளித்து வைத்தது, அதுதான் நாகரிகம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, இவ்வளவு உழைப்பை ஏன் மூடி வைக்க வேண்டும்?

குறை என்றால் தடிமன். 39.5 மிமீ அகலம் கச்சிதம், ஆனால் 11.1 மிமீ உயரம் சட்டைக் கைக்குள் நுழைய அடம்பிடிக்கும். டிரஸ் வாட்ச்சுக்கு இது அதிகம். பிரெகே பெயரிலேயே இருக்கும் நிறுவனத்தின் 5367 மாடலின் இயந்திரம் தானாகவே சாவி ஏறுவது, அதன் உயரமே 3 மிமீதான். மெலிசுதான் முக்கியம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம்.

எனக்குக் கொடுத்தால் இதே 1815 டூர்பியோனில் 2018-இல் 100 மட்டும் செய்த பிளாட்டினம் வாட்ச்சைத்தான் எடுப்பேன், வெள்ளை எனாமல் டயலில் 12 மட்டும் சிவப்பு. முழுச் சாவிக்கு 72 மணி நேரம் ஓடும். எவ்வளவு மிச்சம் என்று காட்ட டயலில் ஒன்றும் இல்லை, அதனால் தினமும் காலையில் சாவி கொடுத்துவிடுவது நல்லது.