பைப் மாத்துன ஸ்னோமொபைலுக்கு ஒரிஜினல் மிக்குனி மெயின் ஜெட்: என் ரிவ்யூ

ஸ்னோமொபைலுக்கு (பனி மேல ஓட்டுற வண்டி) எக்ஸாஸ்ட் பைப், சைலன்ஸர், ஏர் இன்டேக்னு நூத்துக்கணக்குல டாலர் போட்டு மாட்டிட்டு கடைசில கார்புரேட்டர் ஜெட்டுல (பெட்ரோல் எவ்வளவு போகணும்னு அளக்குற, ஓட்டை போட்ட சின்ன பித்தளை துண்டு) மட்டும் காசு மிச்சம் பிடிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா எஞ்சின் போறது அந்த இடத்துலதான்.

என்கிட்ட இருக்குறது 90கள்ல வந்த போலாரிஸ் இண்டி 500, 488 சிசி லிக்விட் கூல்டு ட்வின், ரெண்டு மிக்குனி கம்பெனி விஎம்38 கார்ப் (கார்புரேட்டர்). ஓட்டுறது கனடால, ஒண்டாரியோ ஹாலிபர்ட்டன் பக்கம். ஊர்ல ஆர்எக்ஸ் 100 வச்சிருந்தவங்களுக்கு இந்த கார்ப் அந்நியமா இருக்காது, அதுவும் மிக்குனி விஎம்தான், சைஸ் மட்டும் சின்னது. ஆனா பைக்க டிராஃபிக்ல ஃபுல் த்ராட்டில் வைக்கிறது எவ்வளவு நேரம்? இங்க உறைஞ்ச ஏரி மேல கட்டைவிரலால த்ராட்டில அழுத்துனா அழுத்துனபடியே போயிட்டே இருக்கலாம், அந்த நேரம் முழுக்க எஞ்சினுக்கு பெட்ரோல் குடுக்குறது மெயின் ஜெட்தான்.

பைப் மாத்தினா என்ன ஆகுதுன்னா எஞ்சின் முன்னவிட அதிகமா காத்து இழுக்குது, ஜெட் பழசாவே இருந்தா பெட்ரோல் அதுக்கேத்த மாதிரி கூடுதலா வராது, லீன் ஆயிடும், சூடு ஏறி பிஸ்டன் உருகும் இல்லன்னா சீஸ் ஆகும் (சிலிண்டர்ல இறுகி நின்னுடும்). ஏர்பாக்ஸ (காத்து உள்ள போற பெட்டி) கழட்டிட்டு ஃபோம் ஃபில்டர் போட்டா இன்னும் மோசம். போதாக்குறைக்கு குளிர் காத்து அடர்த்தி அதிகம், மைனஸ் 5ல சரியா ஓடுன ஜெட் மைனஸ் 25ல பத்தாது. மலை மேல போனா நேர் எதிர், காத்து மெலிசு, ஜெட்ட சின்னதாக்கணும். அதனாலதான் கம்பெனி குடுக்குற ஜெட் சார்ட்லயே ஒரு பக்கம் டெம்பரேச்சர், இன்னொரு பக்கம் உயரம்னு கட்டம் போட்டு குடுத்திருப்பாங்க, பைப்போட வர்ற சார்ட்டும் அப்படித்தான்.

இப்ப ஜெட்டுக்கு வர்றேன். மொதல்ல ஆன்லைன்ல ஒரு மலிவு செட் வாங்கினேன், பேர் தெரியாத தயாரிப்பு, ஒரு டப்பால வரிசையா எல்லா நம்பரும் இருந்துச்சு, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ரெண்டு கார்புக்கும் ஒரே நம்பர் ஜெட் போட்டு ஓட்டி ஸ்பார்க் பிளக்க கழட்டி பாத்தா ஒரு பக்கம் நல்ல பிரவுன், இன்னொரு பக்கம் வெள்ளையா வெளுத்து கிடக்கு. வெளுத்தா லீன்னு அர்த்தம். கார்பையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பர் பூட்ல ஏர் லீக் இருக்கான்னு பாத்தேன் இல்ல, ரெண்டு கார்ப் ஸ்லைடும் (த்ராட்டில் குடுத்தா மேல தூக்குற அடைப்பு) ஒண்ணா தூக்குதான்னு பாத்தேன் அதுவும் சரியா இருந்துச்சு, அப்புறம் ரெண்டு ஜெட்டையும் பக்கம் மாத்தி போட்டு புது பிளக்கோட ஓட்டினேன், வெளுப்பும் பக்கம் மாறிடுச்சு! அவ்வளவுதான், கோளாறு ஜெட்லதான்னு முடிவாயிடுச்சு. மேல அடிச்சிருக்குற நம்பர் ஒண்ணு, ஓட்டை வேற. இந்த ஒரு டெஸ்ட்ட எல்லாரும் பண்ணி பாருங்க, கார்ப குறை சொல்றதுக்கு முன்னாடி.

அதுக்கப்புறம்தான் ஒரிஜினல் மிக்குனி பெரிய ஹெக்ஸ் (ஆறு பட்டை தலை) ஜெட் உதிரியா வாங்கினேன். வித்தியாசம் முதல் ஓட்டத்துலயே தெரிஞ்சுது, ரெண்டு பிளக்கும் ஒரே கலர். இந்த ஹெக்ஸ் ஜெட்ல நம்பர்ங்கிறது எவ்வளவு பெட்ரோல் பாயும்ங்கிற அளவு, கெய்ஹின்ங்கிற இன்னொரு கம்பெனி ஜெட்ல நம்பர் ஓட்டையோட விட்டம், அதனால ஒண்ண வச்சு இன்னொண்ண கணக்கு போடாதீங்க. 200க்கு மேல பத்து பத்தா ஏறும், ஒரு நம்பர் மாத்துனாலே எஞ்சின் பேசுற விதம் மாறுது, அந்த அளவுக்கு நம்பலாம்.

நான் செட் பண்ண விதம்: பைப் சார்ட்ல சொன்னதவிட ஒரு நம்பர் பெருசுல ஆரம்பிச்சேன். எப்பவும் ரிச் (பெட்ரோல் அதிகமா போறது) பக்கத்துல இருந்துதான் இறங்கி வரணும், ரிச்சா இருந்தா ஆர்பிஎம் ஏறாம மந்தமா இருக்கும், பிளக் கருக்கும், அவ்வளவுதான் நஷ்டம். லீன் பக்கத்துல இருந்து ஏறினா பிஸ்டனே போயிடும். எஞ்சின நல்லா சூடாக்கிட்டு, ஐஸ் கெட்டியா இருக்குற இடமா பாத்து, புது பிளக் போட்டு நீளமா ஒரு ஃபுல் த்ராட்டில் ஓட்டம், அப்படியே கில் சுவிட்ச். ஐடில்ல ஓட விட்டு நிறுத்தினா பிளக் கலர் பொய் சொல்லும். பிளக் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டன் தலையையும் பாருங்க, டிரான்ஸ்ஃபர் போர்ட் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கலவை வர்ற வழி) பக்கத்துல கரி ஒட்டாம கழுவின மாதிரி சின்ன திட்டு தெரியணும். திட்டே இல்லன்னா லீன், உடனே பெரிய ஜெட் போடுங்க. எனக்கு பிளக் கலரவிட இதுமேலதான் நம்பிக்கை, இப்ப வர்ற பெட்ரோல்ல பிளக்ல கலர் பிடிக்கவே நேரம் எடுக்குது. எத்தனால் கலந்த பெட்ரோல்னா அதுவே கொஞ்சம் லீன் ஆக்கும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

பாதி த்ராட்டில்ல தடுமாறுனா மெயின் ஜெட்ட தொடாதீங்க, அது நீடில் (ஸ்லைடுல தொங்குற ஊசி) வேலை. நீடில்ல மாட்டியிருக்குற கிளிப்ப ஒரு பள்ளம் கீழ இறக்கினா நீடில் மேல ஏறும், ரிச் ஆகும். ஐடில், ஆரம்ப இழுப்பு எல்லாம் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். ஏர் ஸ்க்ரூவ உள்ள திருகுனா ரிச், வெளிய விட்டா லீன்.

குறைன்னு சொல்லணும்னா விலை. ஒரு ஜெட்டுக்கு சில டாலர்தான், ஆனா கார்புக்கு ஒண்ணுன்னு ஒவ்வொரு நம்பர்லயும் ரெண்டு வாங்கணும், மூணு சிலிண்டர் வண்டின்னா மூணு. சீசன் நடுவுல கடைல போய் கேட்டா நமக்கு வேண்டிய நம்பர் மட்டும் இருக்காது, அதனால நவம்பர்லயே வாங்கி வச்சிடுங்க. நம்பர் ரொம்ப சின்னதா அடிச்சிருக்கும், குளிர்ல கை விறைச்சு நிக்கும்போது படிக்கவே முடியாது, நான் தனித்தனி பாக்கெட்ல போட்டு மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன். பித்தளைங்கிறதால பலமா முறுக்குனா தலை வழுக்கிடும், மெதுவா இறுக்கினா போதும்.

என் ஜெட் நம்பர் என்னன்னு நிறைய பேர் கேக்குறாங்க, வேணும்னேதான் சொல்லல, உங்க பைப் வேற, உங்க ஊர் குளிர் வேற, அத அப்படியே காப்பி பண்ணி போட்டா எஞ்சின் போறது உங்களுக்குத்தான்.

வாங்கும்போது சார்ட் நம்பர், அதுக்கு மேல ரெண்டு, கீழ ஒண்ணு, இவ்வளவு எடுத்தா போதும், முழு செட் தேவையில்ல. மிக்குனில சின்ன ரவுண்டு ஜெட்டும் இருக்கு, அது இதுல பொருந்தாது, ஆர்டர் போடும்போது பெரிய ஹெக்ஸ்னு பாத்து போடுங்க, தலைல சதுரத்துக்குள்ள சதுரம் மாதிரி முத்திரை இருக்கான்னு வந்ததும் பாத்துக்கங்க, இல்லன்னா மாட்டாம திருப்பி அனுப்பிடுங்க.